ஐம்பத்தொரு கிலோ அதிகம்

வியாழன், காலை ஆறரை மணி. ஓஸ்லோவின் கிழக்கு விளிம்பில் ஸ்டோவ்னர் சுரங்க ரயில் நிலையம்.

முதுகுப்பையில் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, விமானி உரிமம், மாமி வற்புறுத்தித் திணித்த இடியப்பப் பொதி. மாமி என்றால் என் கணவர் ரூபனின் அம்மா. திருகோணமலைக்காரர், முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். வாசலில் செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"பிள்ளை, திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ளை பதில் சொல்லோணும் எண்டவை. நிரந்தர வேலை. இதுக்கு எத்தினை பேர் காத்துக்கொண்டு இருக்கினம் தெரியுமோ? அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை ஆக்கிப் போடாதை."

"சொல்லிடறேன் மாமி" என்றேன். என்ன சொல்வேன் என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். ஓஸ்லோவிலேயே ட்வெய்ட்டா பகுதியில் ஒரு மழலையர் பள்ளியில் இரண்டு வருடமாக மாற்று ஆளாக வேலை பார்க்கிறேன். யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். இந்த வாரம் தலைமை ஆசிரியை அழைத்து, நிரந்தர இடம் தருகிறேன், திங்கள் மத்தியானத்துக்குள் சொல் என்றார். நல்ல மனுஷி, நல்ல பிள்ளைகள். ஆனால் நான் விமானி. தூத்துக்குடியில் பிறந்து, கடன் வாங்கிப் படித்து, ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டின் மவுன் என்ற ஊரில் ஐந்து வருடம் சின்ன விமானம் ஓட்டியவள். ரோடு போகாத இடத்துக்கு ஆளும் அரிசியும் கொண்டுபோய் இறக்குகிறவர்களைப் புஷ் பைலட் என்பார்கள். மணல் ஓடுபாதையில் யானை நின்றால் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி விரட்டிவிட்டு இறங்க வேண்டும். அதுதான் என் தொழில்.

ரூபனைப் பிடித்ததும் அங்கேதான். ஓஸ்லோவிலிருந்து காடு பார்க்க வந்தவர். எடை எவ்வளவு என்று கேட்டேன். எழுபத்தைந்து என்றார். தராசில் ஏற்றினால் எண்பத்தொன்பது. அவருடைய கேமராப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஆளை ஏற்றினேன். அப்படியும் என்னைக் கல்யாணம் செய்துகொண்டார் என்றால், மனிதர் எவ்வளவு நல்லவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்த பிறகு என் உரிமம் செல்லாது என்றார்கள். எல்லாப் பாடங்களையும் மறுபடி எழுதினேன், தேறினேன். சாலை இல்லாத இடத்துக்கு இந்த நாட்டில் ஏரியில் இறங்கித்தான் போவார்கள் என்றார்கள். போன கோடையில் மிதவை விமானப் பயிற்சியும் முடித்தேன். அதற்குப் பிறகு அனுப்பிய விண்ணப்பங்களுக்கு, இல்லை என்று சொல்லக்கூட ஒருவரும் மெனக்கெடவில்லை. இல்லை என்று சொன்னால் சண்டையாவது போடலாம். இவர்கள் சும்மா இருந்தே ஆளைக் கொல்கிறார்கள்.

காலை ஒன்பதரை. விமான நிலையத்தில் ஒரு காபி ஐம்பத்திரண்டு குரோன். குடித்தேன். கோபத்துக்குச் சூடு நல்லது.

ஓஸ்லோவிலிருந்து டுரோம்சோவுக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து விசிறி வைத்த சின்ன விமானத்தில், நாட்டின் வட முனையில் இருக்கும் ஹம்மர்பெஸ்ட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பக்கத்து இருக்கையில் எரிவாயு ஆலைச் சட்டை போட்ட ஒருவர். உறவினரைப் பார்க்கப் போகிறாயா என்று கேட்டார்.

"வேலை தேடிப் போகிறேன்."

"மீன் ஆலையா, துப்புரவா?"

"விமானம்."

"ஓ, விமான நிலையத்தில் துப்புரவு" என்று தலையாட்டினார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. துப்புரவு வேலையில் கேவலம் ஒன்றுமில்லை, என் மாமி அதைச் செய்துதான் ரூபனைப் படிக்க வைத்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் என் தொழிலை இவர்களே முடிவு செய்துவிடுகிறார்களே, அது யார் கொடுத்த உரிமை?

ஹம்மர்பெஸ்ட் ஓடுபாதை குட்டையானது. குறுக்குக் காற்று பிய்த்தெடுத்தது. கேப்டன் ஒரு இறக்கையைத் தாழ்த்தி, ஒரு சக்கரத்தை முதலில் வைத்து, அடுத்ததை மெல்ல வைத்தார். நான் மட்டும் கை தட்டினேன். எரிவாயுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மாலை நான்கு மணி. என்னை அழைத்துப் போக வந்தவர் சேவியர் அண்ணன். ரூபனின் அப்பாவோடு ஒரே காலத்தில் இங்கே மீன் ஆலைக்கு வேலைக்கு வந்த மன்னார்க்காரர். மற்றவர்கள் இரண்டொரு குளிர்காலத்திலேயே ஓஸ்லோவுக்குப் போய்விட, இவர் மட்டும் இங்கேயே இருந்துவிட்டார். இப்போது ஆலையில் மேற்பார்வையாளர். இந்த வேலையைப் பற்றித் தகவல் சொன்னதே இவர்தான்: ஸ்கைதி பக்கத்து ஏரியில் மிதவை விமானம் வைத்திருக்கும் ஐனார் என்பவரின் விமானி பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டான், வேட்டைக் காலம் வேறு தொடங்குகிறது, ஆள் இல்லாமல் ஐனார் திண்டாடுகிறார்.

"மெயில் போட்டா ஆர் பாக்கப்போறான்?" என்றார் வண்டி ஓட்டிக்கொண்டே. "முகத்தைக் காட்டோணும். நாங்கள் எல்லாம் மெயில் போட்டோ வந்தனாங்கள்?"

தெருவில் இரண்டு கலைமான்கள் பெட்டிக்கடை வாசலில் நின்று எங்கள் வழியை மறித்தன. அவர் ஹாரன் அடிக்கவில்லை. "உதுகளுக்கு இஞ்சை என்னை விடச் செல்வாக்கு" என்று காத்திருந்தார்.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா பெரிய பாத்திரத்தில் கொட் மீன் குழம்பு வைத்திருந்தார். அன்று பிடித்த மீன். அப்படி ஒரு மீனை நான் தூத்துக்குடியில்கூடத் தின்றதில்லை, சொன்னால் ஊரில் உதைப்பார்கள்.

"நீங்கள் கதைக்கிறது படத்திலை கதைக்கிற மாதிரியே கிடக்கு" என்று சிரித்தார் ஸ்டெல்லா அக்கா. "சரி, உண்மையா நீங்கள்தானோ பிளேன் ஓட்டுறது? பக்கத்திலை இருக்கிறது இல்லையோ?"

"நானேதான் அக்கா ஓட்டுவேன்."

"அப்ப ஏன் பயப்பிடுறியள்? சாப்பிடுங்கோ."

பயப்படுகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. எப்படியோ தெரிந்துகொண்டார்.

வெள்ளி, காலை ஒன்பது. ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து ஸ்கைதி சந்திக்கு அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாலம் தாண்டினால் இருபுறமும் குட்டை பிர்ச் மரங்கள், செப்டம்பர் என்பதால் இலையெல்லாம் மஞ்சளும் சிவப்பும். சந்திக்கு அப்பால் மண்பாதையில் திரும்பினால் ஏரி. ஒரு தகரக் கொட்டகை, ஒரு மரத்துறை, அதில் கட்டிய ஒரு செஸ்னா 206. மவுனில் நான் ஓட்டிய அதே விமானம், சக்கரத்துக்குப் பதில் இரண்டு நீண்ட மிதவைகள். போய் மிதவையைத் தொட்டுப் பார்த்தேன்.

ஐனார் அறுபது வயது, ஆள் கதவளவு இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, சுற்றுலாவா என்றார். வேலைக்கு என்றேன்.

"மின்னஞ்சல் அனுப்பு."

"மூன்று அனுப்பினேன்."

"நான் பார்ப்பதில்லை."

"அதனால்தான் நேரில் வந்தேன்."

எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய் என்றார். ஆயிரத்து எழுநூறு என்றேன். புருவம் உயர்ந்தது. மிதவையில்? முப்பத்தெட்டு. புருவம் இறங்கியது. அது போதாது என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. மணலில் இறங்குவது வேறு, தண்ணீரில் இறங்குவது வேறு. எனக்கே தெரியும்.

ஆனால் போகவில்லை. மவுனில் வேலை தேடுகிறவர்கள் விண்ணப்பம் போட மாட்டார்கள். நிறுவன வாசலில் போய் நிற்பார்கள், கண்ணில் படும் வேலையைச் செய்வார்கள். மூன்று மாதம் அப்படி நின்றுதான் அங்கே எனக்கு வேலை கிடைத்தது. துறையில் ஒரு கைப்பம்பு கிடந்தது. மிதவைக்குள் அறை அறையாக இருக்கும், அதில் கசியும் தண்ணீரைத் தினமும் இறைக்க வேண்டும். எடுத்து இறைக்க ஆரம்பித்தேன். இடது மிதவையின் மூன்றாவது அறையில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"மூன்றாவது அறை ஒழுகுகிறது" என்று கொட்டகையைப் பார்த்துக் கத்தினேன்.

"தெரியும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பிறகு கண்ணாடி துடைத்தேன். கயிறுகளைச் சுருட்டினேன். சேவியர் அண்ணன் வண்டியில் உட்கார்ந்து என் இடியப்பத்தைத் தின்றுகொண்டே, "அவர் கொடாக்கண்டன் எண்டால் நீங்கள் விடாக்கண்டன்" என்றார். மாலையில் ஐனார் வெளியே வந்து சுருட்டிய கயிறுகளைப் பார்த்தார். ஒன்றை அவிழ்த்து அவர் முறைப்படி மறுபடி சுருட்டினார்.

"நாளைக்குக் காற்று குறையும். எட்டு மணிக்கு வா."

சனி. அவர் வலது இருக்கையில், நான் இடது இருக்கையில். ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். முதல் இறக்கம் ஒழுங்கு. இரண்டாவதில் ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. அப்படிக் கிடந்தால் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை தூக்கிப் போட்டது. அவர் தன் மொழியில் நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் புரிந்தது. மூன்றாவதை வெண்ணெய் தடவுவது போல் வைத்தேன். அவர் துறையைக் கை காட்டினார்.

"கை நன்றாக இருக்கிறது. மிதவைப் பழக்கம்தான் இன்னும் வரவில்லை" என்றார் துறைக்கு வந்ததும். "நாளை என் மலைக்குடிலுக்கு ஒரு அடுப்பு போக வேண்டும். என் மச்சானும் அவன் கூட்டாளியும் வருகிறார்கள். காசு வாங்காத சொந்தப் பயணம், உன் உரிமமே போதும். நீ ஓட்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன். பிறகு பேசுவோம்."

அன்றிரவு ஸ்டெல்லா அக்கா வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரூபன் தொலைபேசியில், "கிடைச்சாலும் கிடைக்காட்டிலும் நீர் வாரும், நான் புட்டு அவிச்சு வைக்கிறன்" என்றார். கிடைக்காவிட்டாலும் என்ற சொல்லுக்காக அவரோடு கொஞ்சம் சண்டை போட்டேன்.

ஞாயிறு, காலை பத்து. மச்சான் ஸ்டைன், கூட்டாளி ஒருவர், ஒரு வேட்டை நாய், இரும்பு அடுப்பு, துப்பாக்கிகள், பைகள். ஐனார் ஒரு அட்டையில் எடைக் கணக்கு எழுதி நீட்டினார். எரிபொருள் போக நாங்கள் ஏற்றக்கூடியது நானூறு கிலோ. அவர் கணக்கில் எல்லாம் சேர்த்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஸ்டைன் எண்பத்தைந்து, கூட்டாளி தொண்ணூறு, ஐனார் தொண்ணூற்றைந்து, நான் ஐம்பத்துநான்கு, மீதி சாமான்.

நான் அந்த மூன்று ஆட்களையும் ஏற இறங்கப் பார்த்தேன். கனத்த பூட்ஸ், கனத்த சட்டை, அதற்குள் கனத்த ஆட்கள்.

"நிறுக்கலாம்" என்றேன். கொட்டகையில் இறைச்சிப் பெட்டிகள் நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது.

ஐனார் முகம் மாறியது. "இந்த நாட்டில் ஒருவர் தன் எடையைச் சொன்னால் நாங்கள் நம்புவோம்."

"நானும் நம்புகிறேன். ஆனால் குடில் ஏரி குட்டை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"இருபத்தாறு வருடமாக இப்படித்தான் போகிறேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் நோர்வேஜியன் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கற்றது. நயமாக எடுத்துச் சொல்ல வராது. வரிசையில் நில், தள்ளாதே, ஒருத்தர் பின் ஒருத்தர், இவையெல்லாம் பிசிறில்லாமல் வரும். பதற்றத்தில் அதுதான் வந்தது. இரண்டு கையையும் தட்டி, ட்வெய்ட்டாவில் சாப்பாட்டு நேரத்தில் போடுகிற அதே குரலில், "இப்போது எல்லாரும் வரிசையில் நிற்போம்! ஸ்டைன் முதலில். பையைக் கழற்றாதே, அப்படியே ஏறு. நல்ல பிள்ளை!" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஆனால் அதிசயம், ஸ்டைன் ஏறி நின்றார். அவருக்குப் பின்னால் கூட்டாளி வரிசையில் நின்றார். இந்த நாட்டில் எல்லாரும் அப்படி ஒரு பள்ளியில் வளர்ந்தவர்கள்தான் போலிருக்கிறது. நாயைக்கூட ஏற்றினோம். கடைசியாக ஐனார், காது வரை சிவந்து, நூற்றாறு.

கூட்டினேன். நானூற்றைம்பத்தொன்று.

"ஐம்பத்தொரு கிலோ அதிகம்" என்றேன்.

ஐனார் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்படியானால் அதிகமாக இருப்பது நீதான். நீ இறங்கிக்கொள். நானே ஓட்டிப் போகிறேன்."

கணக்கு சரி. நான் ஐம்பத்துநான்கு. என்னைக் கழித்தால் எல்லாம் சரியாகிவிடும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வருடமாக இந்த நாட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை இவர் கிலோக் கணக்கில் சொல்லிவிட்டார். வேலை போனது என்று தெரிந்தது. சரி, போனதுதானே போனது, இனி என்ன பயம் என்று இருந்தது.

"இல்லை. நீங்கள் இறங்குங்கள்" என்றேன். "நீங்கள் நூற்றாறு. என்னை இறக்கினால் மூன்று கிலோதான் மிச்சம். உங்களை இறக்கினால் குட்டை ஏரியில் இறங்க நமக்கு ஐம்பத்தைந்து கிலோ மிச்சம். கணக்குப்படி இறங்க வேண்டியது நீங்கள்தான்."

ஸ்டைன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இது என் விமானம்" என்றார் ஐனார்.

"ஆமாம். முழுசாகத் திருப்பிக் கொண்டுவரத்தான் சொல்கிறேன்."

அவர் ஏரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கட்டுக் கயிற்றை அவிழ்த்தார். மிதவை விமானத்துக்குப் பிரேக் கிடையாது, கயிற்றை விட்டால் அது போய்க்கொண்டே இருக்கும். "ஏறு" என்று மட்டும் சொல்லி, நாங்கள் மூவரும் ஏறியதும் காலால் மிதவையைத் தள்ளிவிட்டார்.

குடில் ஏரி தெற்கே மேட்டு நிலத்தில் இருந்தது. மேலிருந்து பார்த்தால் பழுப்பும் சிவப்புமாகத் தரை, அதில் கொட்டிவிட்ட தண்ணீர் போல ஏரிகள். சரியான ஏரியைக் கண்டுபிடித்து இருமுறை சுற்றினேன். காற்று மேற்கிலிருந்து, கரையில் பாறை. இறங்கி ஓட்டம் நிற்பதற்குள் மறுகரை மிக அருகில் வந்துவிட்டது. இரண்டு பேரும் நாயும் இறங்கினார்கள், அடுப்பைத் தூக்கினார்கள். ஸ்டைன் கை கொடுத்தார். "ஐனாரும் வந்திருந்தால் நாம் அந்தப் பாறையில் இருந்திருப்போம்" என்றார். இல்லை, ஐனார் சமாளித்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இருபத்தாறு வருடம் சும்மாவா? ஆனால் அதை ஸ்டைனிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது விமானத்தில் நான் மட்டும். அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? இந்த வானத்தில் முதல் முறையாக யாரும் பக்கத்தில் இல்லாமல், யாரும் கேள்வி கேட்காமல், என் கையால் ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. சத்தமாக அழுதேன், எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

துறையில் ஐனார் கயிற்றைப் பிடித்தார். கொட்டகையில் காபி ஊற்றி, ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டி சீவி வைத்து நீட்டினார்.

"ஏரி உறையும் வரை. ஆறு வாரம் இருக்கலாம். முதல் வாரமெல்லாம் என்னோடுதான் பறப்பாய், காசு கொடுக்கும் ஆட்களை ஏற்ற அதற்கென்று சோதனை இருக்கிறது."

"அதன் பிறகு?"

"மிதவையைக் கழற்றிப் பனிச்சறுக்குக் கட்டை மாட்டுவேன். அப்போது ஆள் வேண்டுமா என்று அப்போது பார்ப்பேன்." ஒரு வாய் காபி குடித்தார். "ஒரு நிபந்தனை. இனி எல்லாரையும் நிறுப்பது உன் வேலை. எனக்கு வெட்கமாக இருக்கும்."

திங்கள், காலை பத்தரை. சேவியர் அண்ணன் வீட்டு ஜன்னலோரம் நின்று ட்வெய்ட்டாவுக்குத் தொலைபேசினேன். நிரந்தர இடம் வேண்டாம் என்றேன். ஆறு வார வேலைக்காகவா என்று தலைமை ஆசிரியை இரண்டு முறை கேட்டார். ஆறு வார வேலைக்காகத்தான் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

அடுத்து மாமி. அதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

"ஆறு கிழமையோ?" நீண்ட மூச்சு. "அது முடிஞ்சாப் பிறகு?"

"வேற ஏரி பாப்பேன் மாமி."

"உனக்கு விசர்." பைத்தியம் என்பதை மாமி அப்படித்தான் சொல்வார். பின்னால் தேநீர்க் கரண்டி ஒலித்தது. "அங்கை குளிர் கூடவாமே. தடிச்ச உடுப்பு ஒண்டும் கொண்டு போகேல்லை நீ. வந்து எடுத்துக்கொண்டு போ."

அதனால் உடுப்பு எடுக்க ஓஸ்லோ போகிறேன். மத்தியானம் ஹம்மர்பெஸ்ட் நிலையத்தில், பயணிகளுக்கான ஆறேழு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தூத்துக்குடியை விட்டபோதும் மவுனை விட்டபோதும் ஒருவழிச் சீட்டுதான் எடுத்தேன். திரும்பி வரும் நாள் எது என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்று கவுண்டரில் இருந்த பெண், திரும்பும் பயணம் உண்டா என்று கேட்டாள்.

"உண்டு. வியாழக்கிழமை."

"ஓஸ்லோவில் வீடா?" என்றாள்.

"ஓஸ்லோவில் வீடு. திரும்புவது இங்கே" என்றேன்.